கரிசல் வகுப்பறையும் திறந்த உரிமமும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடநூல் விலையில்லாமல் கிடைக்கிறது. அதன் மின்வடிவை எவரும் இறக்கிக்கொள்ளலாம். இது அரிய சாதனை. ஆனால் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் ஓர் ஆசிரியர் அந்தப் பாடத்தைத் தம் வட்டாரத்துக்கேற்பத் திருத்தி, புதிய பதிப்பாக்கிப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குக் கொடுக்க முற்பட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) அரசு வெளியீட்டுக்கு 60 ஆண்டு காப்பளிக்கிறது. 2018இல் வெளிவந்த பாடநூலின் உரிமை 2078 முடிவுவரை அரசிடமே இருக்கும். கற்பிக்கும்போது படியெடுக்க 52ஆம் பிரிவு ஆசிரியருக்கு இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் அதை விரிவாகவே பொருள்கொண்டது. எனினும் அந்தச் சலுகை கற்பித்தலோடு நின்றுவிடுகிறது. திருத்திய பாடத்தை ஊரறிய வெளியிடும் உரிமையை அது தருவதில்லை.

திறந்த கல்வி வளம் என்ற கருத்து 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் உருப்பெற்றது. அதன் உயிர்நிலை இலவசத்தில் இல்லை, மாற்றும் உரிமையில் இருக்கிறது. இடைசெவலைச் சூழ்ந்த கரிசல் மண் பகுதிக்கு அது கூடுதலாகவே தேவை. ஆற்றுப் பாசன நெல்வயலை மையமாக்கி எழுதிய வேளாண் பாடத்தைப் படிக்கும் இப்பகுதிப் பிள்ளை, புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாகப் பருத்தியும் உளுந்தும் கம்பும் விதைக்கும் வீட்டிலிருந்து வருகிறது. கோடையில் பாளம்பாளமாக வெடித்து, மழையில் ஊதிக் காலைப் பிடித்துக்கொள்ளும் மண் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதே நல்ல அறிவியல் பாடம். அதை இங்குள்ள ஆசிரியர்தான் எழுத முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

வட்டார அறிவு பாடமாகத் தக்கது என்பதற்குச் சான்றும் இதே ஊரில் உண்டு. இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். 2021இல் மறைந்த அவருடைய எழுத்துகளுக்குச் சட்டப்படியான காப்பு 2081 முடிவுவரை நீளும். அதே ஊர்க்காரரும் அவர் தோழருமான கு. அழகிரிசாமி 1970இல் மறைந்தார். அவர் எழுத்துக்கு 2030 முடிவுவரை. உரியவர்கள் முன்வந்து திறக்காவிட்டால், இன்றைய மாணவர் பாட்டன் பாட்டி ஆகும்வரை அந்த அகராதியை விரித்துப் பாடநூலாக்க முடியாது.

இதற்கு மாற்றுவழியைத் தமிழகம் முன்பே கண்டிருக்கிறது. பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் எழுத்துரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது. 1955இல் அது மக்களுடையதானது. பகிரவும் மாற்றவும் முன்கூட்டியே இசைவு தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பு நடந்தது இது. நாட்டுடைமை என்னும் அந்த மரபின் பயனாகத்தான் இன்று தமிழ் விக்கிமூலத்தில் நூற்றுக்கணக்கான நூல்கள் தடையின்றிக் கிடைக்கின்றன. பிறர் நூலைப் பணம் கொடுத்துப் பொதுவாக்கும் அரசு, பொதுப்பணத்தில் தானே எழுதுவித்த பாடநூலைப் பூட்டிவைப்பதற்கு நான் ஒரு நியாயமும் காணவில்லை. மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் பெயர்சுட்டிப் பகிரும் உரிமத்தையே ஏற்றது.

திருத்தத்தில் பிழை புகும் என்பது வலுவான மறுப்பு. தேர்வுக்குரிய மூலநூலை அரசே வைத்துக்கொள்ளட்டும். திருத்திய பதிப்பில் திருத்தியவர் பெயரும் மாற்றிய இடங்களும் தெரியவேண்டும் என்று உரிமத்திலேயே விதிக்கலாம். பிழையைக் கண்டு களைய அது வழிவிடும்.

அரசாணைக்குக் காத்திராமலும் ஒரு பணியைத் தொடங்கலாம். கி.ரா. நாட்டார் கதைகளைப் பெற்றது ஊர்மக்கள் வாயிலிருந்து. அவர் எழுதிய வடிவம்தான் அவருடையது, வழிவழி வந்த கதை எவருக்கும் தனிச்சொத்தன்று. மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கதையையும் விதைப்பு முறையையும் கேட்டு, சொன்னவரின் இசைவோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் சொந்த நடையில் எழுதித் திறந்த உரிமத்தில் வெளியிடலாம். விளாத்திகுளத்தில் ஓர் ஆசிரியர் அதை எடுத்துத் தம் ஊர் வழக்குக்கு மாற்றிக்கொள்ளும்போது அவர் எவரிடமும் கடிதம் எழுதி அனுமதி கேட்கவேண்டியதில்லை.