இணையவழி ரம்மி

இணையவழி ரம்மி என்பது கைப்பேசியிலோ கணினியிலோ முகமறியாதவர்களோடு பணம் கட்டி ஆடும் 13 சீட்டு ஆட்டம். மனமகிழ் மன்றங்களின் மேசையில் நடந்துவந்த இந்த ஆட்டத்தை இணைய நிறுவனங்கள் இந்தியாவில் பெருந்தொழிலாக்கின. அதைத் தடுக்க முயன்ற மாநிலங்களுள் தமிழ்நாடு முக்கியமானது.

சட்டப் பின்னணி

1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் தொடங்கி, திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளிப்பது இந்திய மரபு. செகந்திராபாத் கிரசென்ட் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்றது. மன்றத்தை நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது. இணைய நிறுவனங்கள் பற்றிக்கொண்டது முதல் கருத்தை. அவற்றின் தொழிலோ இரண்டாவது கருத்து சுட்டிய லாபத்தில் நின்றது.

தொழிலின் வளர்ச்சி

ஏஸ்2த்ரீ, ரம்மிசர்க்கிள், ஜங்லி ரம்மி போன்ற தளங்கள் அடுத்தடுத்து வந்தன. 2016-இல் ஜியோ இணைப்பும் யுபிஐ பரிமாற்றமும் அறிமுகமான பின் ஆட்டம் சிற்றூர்களையும் எட்டியது. புள்ளி ஒன்றுக்கு 1 ரூபாய் மேசையில், எந்த வரிசையும் சேராமல் தோற்றவர் 80 ரூபாய் வரை இழந்தார். வென்றவருக்குக் கமிஷன் போக மீதி கிடைத்தது. யார் வென்றாலும் நிறுவனத்துக்கு வரவுதான். ஆட்டங்கள் பெருகப் பெருக வருமானமும் பெருகியது. மன்றத்துக்குப் பூட்டும் நேரம் உண்டு, கைப்பேசிக்கு இல்லை. சில நிமிடங்களில் ஓர் ஆட்டம் முடிய, அடுத்தது காத்திருந்தது. முதன்முறை பணம் போடுவோருக்கு போனஸ் வேறு. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைகள் தமிழ்நாட்டை உலுக்கின.

தமிழ்நாட்டுச் சட்டங்கள்

இந்த ஆட்டங்களைத் தடை செய்து 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021-இல் சட்டத்திருத்தமும் வந்தன. முழுத் தடை அளவுக்கு மிஞ்சியது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று அத்திருத்தத்தை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின், 2022 அக்டோபரில் பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது; ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக்கிய பகுதியை ஏற்கவில்லை. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடத் தடையும் ஆதார் சரிபார்ப்பும் விதிக்கப்பட்டன. இவற்றை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் உறுதிசெய்தது.

மத்தியச் சட்டம்

ஒன்றிய அரசு இந்த ஆட்டங்களுக்கு 2023 அக்டோபர் முதல் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்தது. முன்னணி நிறுவனங்கள் அவற்றை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியை இச்சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பொறுப்பு ஆட்டத்தால் பயனடைந்தவர்மேல் விழுவதே முறை.