சாளையின் பஞ்சாங்கம்

கேரளத்துக்காரர்களுக்கு மத்தி, எங்களுக்குச் சாளை. வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணத்துக் கரையில் பசியைத் தீர்த்த மீன் அதுதான். சீலாவும் நெய்மீனும் வியாபாரிக்குப் போகும். சாளைதான் மரச்சீனிக் கிழங்கோடு வீட்டுச் சட்டிக்கு வரும். மிஞ்சினால் காயப்போடுவார்கள், அதிலும் மிஞ்சினால் தென்னை மூட்டில் புதைப்பார்கள். எல்லோருக்கும் கிடைத்த மீன் என்பதால் இதன் வரலாற்றை எழுத யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ.

ஆனால் வரலாறு இருக்கிறது. 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் டே, சாளையின் வரத்து ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் குறித்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் மாகாண மீன்துறையின் பிரெடரிக் நிக்கல்சனும் ஜேம்ஸ் ஹார்னெலும் சாளையிலிருந்து எண்ணெயும் உரமும் எடுக்கும் தொழிலை மலபார் கரையில் ஊக்குவித்தார்கள். 1940-களில் சாளை திடீரென்று அருகியது. குஞ்சு மீனைப் பிடிக்க 1943-இல் மதராஸ் அரசு கட்டுப்பாடு விதித்தது. குறிவைக்கப்பட்ட வலையின் பெயரே ‘மத்திகொல்லி வலை’. எங்கள் கரை அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. மீனுக்கு மாகாண எல்லை தெரியுமா என்ன? சாளை குறைந்தால் வலையைக் குற்றம் சொல்வது அன்றே தொடங்கிவிட்டது.

வலைக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவரவில்லை. குஞ்சோடு வாரும் வலைகள் இன்றும் உண்டு. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு 2015-இல் விதி போட்டது சரியானதே. ஆனால் சாளையின் பிழைப்பு வலையை விடப் பெரிய ஒன்றின் கையில் இருக்கிறது.

“கடலு குளுந்தாத்தான் சாளை கேறும் மக்களே” என்பார் எங்க பாட்டா. தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. இது இந்தியாவின் தென்முனைப் பக்கம் முதலில் தொடங்கி வடக்கே கேரளம் நோக்கி நகரும். அந்த நீரில்தான் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகும். சாளையின் முக்கிய இரை அது. சாளை முட்டையிடுவதும் மழைக்கால மாதங்களில்தான். காற்று, குளிர், பாசி, முட்டை எல்லாம் ஒரே வரிசையில் வந்தால்தான் கரைக்குச் சோறு. பாட்டா நீவாடு பார்த்துச் சொன்னதும் விஞ்ஞானிகள் கருவி வைத்துச் சொல்வதும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

அந்த வரிசைதான் இப்போது குலைகிறது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி 0.7 தான். 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் சாளை இறங்கியது. 2015-ஐ ஒட்டிய எல் நினோ காலத்தில் மீன் வளர்ச்சி குன்றி, சினை பிடிப்பதும் தாமதமானதாக மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. 2021-இல் வரத்து வெறும் 3,297 டன். அடுத்த ஆண்டே ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது! இன்னொரு பக்கம், 1980-களுக்கு முன் கிழக்குக் கரையில் பேருக்குத்தான் இருந்த இந்த மீன், பிறகு அங்கேயும் கூட்டமாகப் பிடிபடத் தொடங்கியது.

வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் கரிபூ என்று ஒரு மான் உண்டு. அதுவும் சாளை மாதிரி கூட்டமாக வலசை போவது. மேற்கு கிரீன்லாந்தில் எரிக் போஸ்ட் என்ற ஆய்வாளர் கண்டது இது: சூட்டினால் புல் முன்கூட்டியே துளிர்க்கிறது, மான் குட்டி போடும் நாளோ அந்த அளவுக்கு முன்னால் நகரவில்லை. தாய்க்குப் பால் ஊற வேண்டிய நேரத்தில் புல் முற்றிவிடுகிறது. குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து உறைந்தால், கீழே உள்ள இரையைக் குளம்பால் தோண்டியெடுக்கவும் முடியாது. கனடாவின் பாதர்ஸ்ட் கூட்டத்தில் 1986-இல் சுமார் 4.7 லட்சம் மான்கள். 2018-இல் 8,200 மட்டுமே. அங்கேயும் பெருகுவதும் குறைவதும் பழங்கதைதான். சுரங்கங்களும் வேட்டையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் தடை விழுந்தது, தலைமுறைகளாக அந்த மானைத் தின்று வாழ்ந்த டெனே மக்களின் வேட்டைமேலும்தான்.

இதைப் படித்தபோது எனக்கு மத்திகொல்லி வலைதான் ஞாபகம் வந்தது. உலகைச் சூடாக்கியதில் மிகக் குறைந்த பங்குள்ளவனும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாளை வருவதும் போவதும் பழைய கதை என்றால், இப்போது புதிதாக என்ன நடக்கிறது? முன்பு ஓர் ஆண்டு ஏமாற்றினாலும் எந்த மாதம் பார்த்திருக்க வேண்டும் என்று தெரியும். இப்போது அந்த மாதத்தையே நம்ப முடியவில்லை. டீசலுக்குக் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிறவனுக்கு, மீன் குறைவதை விட எப்போது வரும் என்று தெரியாமல் போவதுதான் பெரிய நஷ்டம். பிடித்த மீனுக்கு விலை பேசலாம். போகாத நாளுக்கு யாரிடம் பேசுவது?

ஒன்று செய்யலாம். குமரிக் கடற்கரைப் பங்குகளில் மீன் வரத்தில் ஒரு பாகம் கோயிலுக்குக் குத்தகையாகப் போனது. எந்த மாதம் கரை நிறைந்தது, எந்த மாதம் காய்ந்தது என்பதற்கு அந்தக் கணக்குகள் சாட்சி சொல்லக்கூடும். மிஞ்சியிருக்கும் ஏடுகளைக் கறையான் தின்னுமுன் படமெடுத்து, பாட்டாமார் சொல்லும் மாதங்களையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். நாளை சாளை ஏன் குறைந்தது என்று யாராவது கேட்டு, வழக்கம்போல வலையைக் காட்டும்போது, எடுத்துக்காட்ட நம் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.