பெரும்பாடு: ஹார்மோன் அல்லாத மருந்துகள்

பெரும்பாடு என்பது மாதவிடாயில் உடல்நலமும் அன்றாட வேலையும் கெடும் அளவுக்கு உதிரம் போகும் நிலை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது மிகை என்ற வரையறை 1960களில் ஸ்வீடனில் நடந்த ஆய்விலிருந்து வந்தது. பெண்ணின் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதையே இன்றைய மருத்துவம் முதலில் கேட்கிறது.

ஹார்மோன் மாத்திரையோ கருப்பை நீக்கமோ இல்லாமல் இதைக் கட்டுப்படுத்தும் மருந்துகளில் முதன்மையானது டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் இயல்பு உடலிலேயே உண்டு. பெரும்பாடு உள்ள பெண்களின் கருப்பை உட்சவ்வில் இந்தக் கரைப்பு வேகமாக நடக்கிறது. லைசின் என்னும் அமினோ அமிலத்தை ஒத்த இம்மருந்து, பிளாஸ்மினோஜன் புரதம் உறைகட்டியில் ஒட்டும் இடங்களை அடைத்துக் கரைப்பைத் தடுக்கிறது.

இதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியர். பிரசவத்துக்குப் பின் உதிரம் பெருகி இறக்கும் தாய்மார்களைக் காப்பது உட்டாகோவின் நோக்கம். 1950களில் லைசினிலிருந்து எப்சிலான் அமினோகாப்ராயிக் அமிலத்தை உருவாக்கினர். அதைவிடப் பல மடங்கு ஆற்றலுள்ள டிரானெக்சாமிக் அமிலத்தை 1962இல் அறிவித்தனர். பின்னர் ஸ்வீடனில் இங்கா மேரி நில்சன் முதலானோர் இதைப் பெரும்பாட்டுக்குப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். அமெரிக்கா 2009இல்தான் இப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த பிரசவ உதிரப்போக்கு ஆய்வு 2017இல் வெளியானது; பிரசவித்த மூன்று மணி நேரத்துக்குள் இம்மருந்தைக் கொடுத்தால் உதிரப்போக்கால் நேரும் இறப்பு குறைவதை அது காட்டியது. உட்டாகோ அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.

இந்தியாவில் 500 மில்லிகிராம் மாத்திரைகள் கிடைக்கின்றன. வழக்கமாக ஒரு வேளைக்கு இரண்டு வீதம் நாளுக்கு மூன்று வேளை, உதிரப்போக்கு உள்ள நாட்களில் மட்டும், நான்கைந்து நாள் தரப்படுகிறது. பலருக்கு உதிர இழப்பு பாதியளவு வரை குறைகிறது. இது கருத்தடை மருந்து அன்று. குழந்தை வேண்டுவோரும் எடுத்துக்கொள்ளலாம். இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்த வரலாறு உள்ளவர்களுக்குத் தரக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி நிவாரணிகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைக் குறைத்து உதிரப்போக்கையும் வயிற்றுவலியையும் ஒருசேரத் தணிக்கின்றன. ஆனால் உதிரத்தைக் குறைப்பதில் டிரானெக்சாமிக் அமிலம் இவற்றைவிடச் சிறந்தது. இரண்டும் சேர்ந்த மாத்திரைகளும் இந்தியாவில் விற்பனையாகின்றன. குடற்புண் உள்ளவர்கள் வலி நிவாரணிகளைத் தவிர்க்க வேண்டும்.

இந்தியாவின் சொந்தப் பங்களிப்பு ஆர்மெலாக்சிஃபின் எனப்படும் சென்ட்குரோமன். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இம்மருந்து 1990களின் தொடக்கத்தில் 'சஹேலி' என்ற கருத்தடை மாத்திரையாகச் சந்தைக்கு வந்தது. 2016 முதல் 'சாயா' என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படுகிறது. பெரும்பாட்டுக்கு 60 மில்லிகிராம் மாத்திரையை முதல் 12 வாரம் வாரம் இருமுறையும், அடுத்த 12 வாரம் வாரம் ஒருமுறையும் தருவது வழக்கம். இதில் ஹார்மோன் இல்லை என்றாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின் மீதே இது செயல்படுகிறது. மாதவிடாய் தள்ளிப்போகலாம், கருத்தரிக்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று.

எந்த மருந்துக்கும் முன்னர் காரணத்தை அறிய வேண்டும். கருப்பைத் தசைக்கட்டி, தைராய்டு கோளாறு, பிறவி உறைதல் குறைபாடு, நடுவயதுக்கு மேல் புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சோதனை தேவை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. எனவே ஹீமோகுளோபின் சோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் சிகிச்சையில் சேர வேண்டும். சென்னையின் கல்மண்டபம், காசிமேடு வட்டாரப் பெண்கள் இச்சோதனைகளுக்கும் சிகிச்சைக்கும் ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையை நாடலாம்.