விளக்கு எங்கே தொங்கியது?



போன வாரம் எங்கள் கீழ்வேளூர் வீட்டில் புதிதாக மாட்டிய தொங்குவிளக்கின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். சுவரில் முக்கோணமாக ஒரு மரத்தாங்கி, அதன் நுனியில் விளக்கு, ஒயர் சுவரோரமாக இறங்கிப் பிளக்கில் முடிகிறது. "டீச்சர், எந்தக் கடையில் வாங்கினீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடையில் வாங்கவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரியை வைத்துக்கொண்டு நானே செய்தது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு அத்தை?" என்று அண்ணன் மகள் போனில் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

கோயிலிலிருந்து தொடங்குகிறேன். சோழர் காலத்தில் இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு இருக்கிறது. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்கு ஈடாகப் பிறந்த குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அவற்றுக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். ஒரே ஒரு விளக்கு எரிய ஒரு மந்தை தேவைப்பட்ட காலம் அது. வெளிச்சம் அவ்வளவு விலை உயர்ந்த பொருள்.

வீடுகளில் நெய்க்கு ஏது வழி? இலுப்பை எண்ணெயும் விளக்கெண்ணெயும்தான். சுவரிலேயே சின்னக் குழி விட்டுக் கட்டி, அதில் அகல் வைப்பார்கள். அதுதான் மாடம். எங்கள் பாட்டி வீட்டில் வாசற்படிக்கு இரண்டு பக்கமும் மாடம் இருந்தது. கரி படிந்து படிந்து அந்தக் குழி கறுத்தே போயிருந்தது. மாடத்தில் ஒரு வசதி, காற்றில் விளக்கு அணையாது. ஒரு குறை, வெளிச்சம் குழிக்கு முன்னால் மட்டும்தான் விழும். வீடு கட்டும்போதே கொத்தனார் முடிவு செய்த இடம் அது. பிறகு நமக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்த முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணெண்ணெய் வந்தது. அரிக்கேன் விளக்கு வந்தது. கண்ணாடிக்குள் திரி, மேலே பிடிக்கக் கம்பி. விளக்கு மனிதனோடு நடந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் கையில், மாட்டுக்கொட்டகையில், பிரசவ வீட்டில் என்று எங்கும் அது போனது. வீட்டுக்குள் வந்தால் திண்ணைத் தூணில் அடித்த கொக்கியில் தொங்கும். அந்தக் கொக்கியைத்தான் இன்றைய தொங்குவிளக்கின் பாட்டன் என்று நான் சொல்வேன்.

அடுத்தது மின்சாரம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வந்தது. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. அணையை ஒட்டிய மின்நிலையம் 1937-ல் ஓட ஆரம்பித்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? மேட்டூரில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர்தான் கல்லணையைத் தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, வெட்டாற்றின் வழியாக நம் கடைமடைக்கு வருகிறது. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத் தானாக வந்துவிடும். கரண்டு அப்படி வராது. யாராவது கம்பம் நட வேண்டும், கம்பி இழுக்க வேண்டும், இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டும். அதனால் அது முதலில் பணம் இருந்த வீடுகளுக்குப் போனது.

பெரிய வீடுகளில் அந்தக் கால வயரிங்கைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் நீளமாகத் தேக்கு ரீப்பர், அதன் மேல் கிளிப் அடித்த ஒயர், வட்டமான மரக்கட்டையில் கறுப்பு சுவிட்சு. கூடத்தின் நடு உத்திரத்திலிருந்து முறுக்கு ஒயரில் ஒரு குண்டு பல்பு தொங்கும். அதற்கு மேல் தட்டு மாதிரி ஒரு ஷேடு. அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தும் படிக்கலாம்.

குடிசைகளின் கதை வேறு. கீற்றுக் கூரையிலிருந்து ஒயரைத் தொங்கவிட எல்லோருக்கும் பயம். தமிழ்நாட்டில் குடிசை இணைப்பு என்று கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே விளக்கு, 40 வாட், மீட்டர் கிடையாது. மத்திய அரசும் 1988-89-ல் குடிர் ஜோதி என்ற பெயரில் இதே மாதிரி ஒற்றை விளக்குத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு பல்பு எத்தனை வீடுகளில் சிம்னி விளக்கின் புகையை நிறுத்தியது என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கும் ட்யூட்டி போட்டார்கள். அப்போது நாம் தஞ்சை மாவட்டம். நாகை மாவட்டம் பிரிந்தது அந்த வருடம் அக்டோபரில்தான். பள்ளி விட்டபிறகு தாள்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். குடிதண்ணீர், கழிப்பறை, மின்சாரம் உண்டா என்றெல்லாம் கேட்கும் கணக்கெடுப்பு அது. "உண்டு" என்றால் ஒரு குறி, "இல்லை" என்றால் வேறு குறி. வேலை முடிந்தது.

ஒருநாள் மாலை, இருட்டிய நேரம். என் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் வீட்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம். அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டியிருந்தேன். எழுத்து வரியை விட்டு ஏறி இறங்கியிருந்தது. "கரண்டுதான் இருக்கே உங்க வீட்டுல, ஒழுங்கா எழுத என்ன கேடு?" என்று கேட்டிருந்தேன்.

வீட்டில் கரண்டு இருந்தது. பல்பு வாசற்படிக்கு உள்பக்கம், நிலைக்கு மேலே. அவன் அம்மா வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சம் அவருக்கு வேண்டும். பையன் உள்ளே கோடிச் சுவர் ஓரம், தங்கச்சி தூங்குகிற பாய்க்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பல்பு அவன் முதுகுக்குப் பின்னால். அவன் நிழல் முழுக்க அவன் நோட்டின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் தாளில் "உண்டு" என்று குறித்தேன். விளக்கு எங்கே இருக்கிறது என்று எந்தத் தாளும் கேட்கவில்லை. வகுப்பில் நானும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து அவன் எழுத்து நேராக வர ஆரம்பித்தது. விசாரித்தேன். "அப்பா கட்டை வச்சுக் கொடுத்தாரு டீச்சர்" என்றான். இன்னொரு நாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பூவரசங்கட்டை ஒன்றைக் கோடிச் சுவரில் புதைத்து, கீழிருந்து ஒரு சாய்வுக் கழி முட்டுக் கொடுத்து, கயிற்றால் இறுக்கியிருந்தார். ஒயரை நீளமாக்கி, பல்பை அந்தக் கட்டை நுனிக்குக் கொண்டுவர வசதி செய்திருந்தார். சமையல் நேரத்தில் பல்பு வாசலில் தொங்கும். சாப்பாடு முடிந்ததும் கட்டைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. விளக்குக்கும் நோட்டுக்கும் உள்ள தூரம் மூன்றில் ஒரு பங்கானால் நோட்டில் விழும் வெளிச்சம் மூன்று மடங்கு ஆகாது, மும்மூன்று ஒன்பது மடங்கு ஆகும். ஒன்பது அடி தூரத்திலிருந்த பல்பு மூன்று அடிக்கு வந்தது. அதே 40 வாட், அதே கட்டணம். ஒரு முழக் கட்டையால் வெளிச்சம் ஒன்பது மடங்கு. நிழலும் முதுகுப் பக்கம் போய்விட்டது.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 78 வீடுகளில் மின்சார விளக்கு. 2011-ல் 93. நாட்டுக்கே பெருமையான கணக்கு. அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூவரசங்கட்டைதான் நினைவுக்கு வரும்.

இப்போது என் தாங்கிக்கு வருகிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இரவில் படிக்க ஜன்னல் மூலையில் வெளிச்சம் போதவில்லை. ஓட்டு வீடு, அந்த மூலைக்கு மேலே விளக்கு தொங்கவிட இடமில்லை. சுவரைக் கொத்தி ஒயர் பதிக்கலாம் என்றார் எலக்ட்ரீஷியன். பழைய சுண்ணாம்புச் சுவர், கொத்தினால் உதிரும். எனக்குக் கட்டை ஞாபகம் வந்தது.

பழைய நிலைக்கால் தேக்கு ஒன்று கொல்லையில் கிடந்தது. அதில் மூன்று துண்டு. சுவரை ஒட்டி நிற்பது 30 செ.மீ., முன்னால் நீட்டுவது 45 செ.மீ., இரண்டையும் இணைக்கும் சாய்வுக் கட்டை ஒன்று. "ஆணி வேணாம் டீச்சர், கழுந்து போட்டுடுவோம்" என்றார் ஆசாரி. ஒரு கட்டையின் முனையை நாக்கு மாதிரி செதுக்குவது கழுந்து, அடுத்ததில் அதற்கேற்பத் துளை. உளி பிடிக்க எனக்கும் கற்றுக் கொடுத்தார். என் துளை கோணல், அவர் துளை நேர். சுவர்ப்பக்கம் இருப்பதால் உங்களுக்குத் தெரியாது!

விளக்கு ஒரு கிலோ என்று வையுங்கள். அது 45 செ.மீ. தள்ளித் தொங்கும்போது மேல் திருகாணியைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும். கீழ்ப்பக்கம் சுவரை உள்ளே அழுத்தும். நிற்கும் கட்டை 30 செ.மீ. என்றால் அந்த இழுப்பு சுமார் ஒன்றரைக் கிலோ. 15 செ.மீ. என்றால் மூன்று கிலோ. ஆகவே சுவர்க்கட்டையைக் குட்டையாக்காதீர்கள். பழைய சுவரென்றால் மேல் திருகாணிக்கு மர ஆப்பு அடித்து அதில் முடுக்குங்கள். ஒயரை நுனியிலுள்ள துளை வழியாக விட்டு மேலே ஒரு முடிச்சுப் போடுங்கள். விளக்கின் பாரம் மரத்தில் நிற்கும், பிளக்கை இழுக்காது. ஷேடு உலோகம் என்றால் எர்த் உள்ள மூன்று கம்பி ஒயரும் மூன்று முள் பிளக்கும் கட்டாயம். நான் போட்டிருப்பது 9 வாட் எல்.இ.டி. பல்பு. அந்தக் காலத்து 40 வாட்டை விட அதிக வெளிச்சம்.

தாங்கி நமக்குப் புதிதல்ல. கோயில் தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறதே, போதிகை, அதுவும் ஒரு தாங்கிதான். புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் நூறு வருடங்களுக்கு முன் போதிகையின் வடிவத்தை வைத்தே கோயிலின் காலத்தைச் சொல்லலாம் என்று காட்டினார். வளைந்து சுருள் சுருளாக இருந்தால் பல்லவர், சரிவாக வெட்டியிருந்தால் சோழர், பூ மொட்டுத் தொங்கினால் விஜயநகர காலம். அடுத்த முறை கேடிலியப்பர் கோயிலுக்கு வரும்போது தூண்களை அண்ணாந்து பாருங்கள்.

போதிகையை வைத்துக் கோயிலின் காலத்தைச் சொல்வதுபோல, விளக்கு தொங்கிய இடத்தை வைத்து ஒரு வீட்டின் கதையையும் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாணவன் இதைப் படிக்கக்கூடும். தம்பி, எழுத்து நேரானதும் "நல்லா எழுதியிருக்கே" என்று சொன்னேனே தவிர, முன்னால் திட்டியது தப்பு என்று சொல்லவில்லை. உன் வீட்டைப் பார்த்த பிறகும் சொல்லவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் திட்டினேன், அதனால் இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தப்பு என்னுடையது. உன் அப்பாவின் கட்டையைப் பார்த்துத்தான் என் தாங்கியைச் செய்தேன். அவர் நலமா?

மற்றவர்களும் எழுதுங்கள். நீங்கள் படித்த காலத்தில் உங்கள் வீட்டு விளக்கு எங்கே தொங்கியது? நீங்கள் எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கீழ்வேளூர்.