அறிதல் யாருக்கு? கர்ணனும் கோவலனும்: தமிழ் அரங்கில் அவலப் பாத்திரப் படைப்பு

முன்னுரை

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) புதுச்சேரியில் காலமாகி, கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்திய மரபில் அவல நாடகம் இல்லை என்னும் கருத்து வடமொழி நாடகங்களை அளவுகோலாகக் கொண்டு எழுந்தது. சுவாமிகளின் கோவலன் நாடகமும், வடதமிழகத்திலும் புதுவை வட்டாரத்திலும் இரவு முழுதும் நிகழ்த்தப்பெறும் கர்ண மோட்சக் கூத்தும் அக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

அவலத்தின் பொதுக் கூறுகள்

அவலத் தலைவன் முற்றும் நல்லவனாகவோ தீயவனாகவோ இராது, தன் பிழையால் வீழ்பவனாக அமைதல் வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் கொள்கை. நிலைமாற்றமும் அறிதலும் ஒருங்கே நிகழும் ஈடிப்பசு நாடகத்தை அவர் சிறப்பித்துரைக்கிறார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. பண்டைய நிலை கெட்டு வருந்துதலே அசைவு என்பது உரைவிளக்கம். மெய்ப்பாட்டியல் கதைப்பின்னலை வகுக்கும் நூலன்று. எனினும் நிலைமாற்றம் துயருக்குக் களன் என்பதை அது உணர்ந்திருக்கிறது. அறிதல் எங்கே நிகழ்கிறது என்பதை அரங்கிலேயே தேடவேண்டும்.

அறிந்தும் வீழ்பவன்

கர்ணனின் துயருக்குக் களன் இளிவு. பிறப்பை முன்னிட்டு மனைவி பொன்னுருவியே அவனை இகழ்கிறாள். போருக்குப் புறப்படுமுன் அவளிடம் விடைபெறும் காட்சி கூத்தின் உயிர்நிலை. அவன் தன் பிறப்பை முன்னரே அறிந்தவன். ஆயினும் அவ்வறிவு அவனைக் காப்பதில்லை. செஞ்சோற்றுக் கடனும் கொடுத்த வாக்குமே அவன் பெருமை. அவையே அவன் வீழ்ச்சிக்கும் காரணமாகின்றன. உண்மையைப் புதிதாய் அறிந்து கதறுபவள் பொன்னுருவியே.

அறியாமல் வீழ்பவன்

கோவலனிடம் வறுமையும் அசைவும் இணைகின்றன. சுவாமிகளின் நாடகத்தில், மதுரைக்குச் செல்ல வேண்டாவெனக் கண்ணகி பாடித் தடுக்கிறாள். வரவிருக்கும் கேட்டை அவையோர் உணர்கின்றனர், கோவலன் உணர்வதில்லை. மூலக்கதையான சிலப்பதிகாரத்திலும் அவன் தன்மேல் சுமத்தப்பட்ட பழியை முழுதறியாமலே வெட்டுண்கிறான். சிலம்பின் பரல் தெறித்தபோது உண்மையை அறிபவன் பாண்டியன். அறிந்த கணமே உயிர் துறக்கிறான்.

முடிவுரை

கிரேக்க அவலம் அறிதலைத் தலைவனுக்கே உரியதாக்குகிறது. இங்கு ஆராய்ந்த இரு படைப்புகளும் அதனை அவனைச் சூழ்ந்தோரிடம் ஒப்படைக்கின்றன. ஆகவே பொன்னுருவியும் கண்ணகியும் துணைப் பாத்திரங்கள் அல்லர். அவலத்தின் பொருளை அவைக்கு உணர்த்தும் பொறுப்பு அவர்களுடையது. தலைவனின் பிழையை மட்டும் அளவிடும் திறனாய்வு அப்பெண்களின் அழுகையை வெறும் உணர்ச்சிப் பெருக்காகக் கருதிவிடும். அவ்வழுகை தமிழ் அவல அரங்கில் அறிவின் வடிவம் என்பதே இக்கட்டுரையின் முடிபு.