நகரும் வட்டங்கள்: இணைய உரையாடலுக்கு அசைவு தந்த முயற்சிகள்

1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. அரட்டையில் எழுத்து மட்டுமே இருந்தது. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து மேலேறி மறையும். பேசாதவர் பெயர்ப்பட்டியலில் வெறும் பெயராக நிற்பார். அவர் கவனிக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்பது தெரியாது. நேரில் பேசும்போது மௌனத்துக்கும் முகம் உண்டு; திரையில் அது இல்லாமற்போயிற்று.

இக்குறையை அசைவால் நீக்கும் முயற்சிகள் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்தன. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தின் பெர்னாண்டா வியேகாஸ், ஜூடித் டோனாத் ஆகியோர் 1999இல் ‘சாட் சர்க்கிள்ஸ்’ என்ற அரட்டையை அறிமுகப்படுத்தினர். இதில் ஒவ்வொருவரும் ஒரு வண்ண வட்டம். எழுதும்போது வட்டம் எழுத்தைக் கொள்ளுமளவு விரிந்து ஒளிரும். பின்னர் சுருங்கி மங்கும். இணைப்பில் உள்ளவரை முற்றிலும் மறையாது. அருகிலிருப்போர் எழுதுவதை மட்டுமே படிக்க இயலும். தொலைவிலிருப்போர் வெற்று வளையங்களாகத் தெரிவர். ஒரு பேச்சில் சேர வேண்டுமானால் தன் வட்டத்தை அங்கே நகர்த்திச் செல்ல வேண்டும். சொற்கள் எட்டாவிட்டாலும், வளையங்கள் ஓரிடத்தில் குவிவதைக் கண்டு அங்கே ஏதோ நடக்கிறது என்று அறியலாம். தெருமுனைக் கூட்டத்தை நாம் அறிவதும் அப்படித்தானே!

அதே காலத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்களான தாமஸ் எரிக்சன், வெண்டி கெல்லாக் முதலியோர் உருவாக்கிய ‘பேபிள்’ தோற்றத்தில் எளியது. கருத்தில் அதைவிடக் கூரியது எனலாம். ஒரு பெரிய வட்டம் உரையாடலைக் குறிக்கும். கோலிக்குண்டு போன்ற புள்ளிகள் ஆட்களைக் குறிக்கும். ஒருவர் எழுதினால் அவரது புள்ளி நடுவை நோக்கி நகரும். எழுதாமல், பக்கத்தை உருட்டிப் படித்தாலும் நகரும். ஓய்ந்திருந்தால் சுமார் 20 நிமிடங்களில் விளிம்புக்கு ஒதுங்கும். கேட்பவருக்கும் பேசுபவருக்கு இணையான இடம் கிடைத்தது இங்கேதான்.

இதை விளக்க அவர்கள் காட்டிய உதாரணம் ஒரு கதவு. வேகமாகத் திறந்தால் வெளியே நிற்பவர்மேல் மோதும். மெதுவாகத் திறக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை பயன்படவில்லை. கதவில் கண்ணாடி பதித்தால் நிலைமை மாறும். திறப்பவர் எதிரே நிற்பவரைக் காண்கிறார்; தாம் கண்டது அவருக்கும் தெரியும் என்பதையும் அறிவார். ஆகவே கை தானாக நிதானிக்கிறது.

இவ்விரு வடிவங்களும் பரவலான புழக்கத்துக்கு வரவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அகன்ற திரையின்முன் இருந்தால்தான் இத்தகைய அசைவுக்குப் பொருளுண்டு. கைப்பேசி அரட்டையோ விட்டுவிட்டு நடப்பது. அதில் எஞ்சிய அசைவு, மறுமுனையில் ஒருவர் தட்டச்சு செய்வதைக் காட்டும் துள்ளும் மூன்று புள்ளிகள். படிப்பவருக்கு அசைவு ஏதும் கிடைக்கவில்லை. 2014இல் வாட்ஸ்அப்பில் வந்த நீலக்குறி அவர் படித்துவிட்டார் என்பதை மட்டும் காட்டியது. வந்த வேகத்திலேயே அதை அணைத்துவைக்கும் வசதியையும் சேர்க்க வேண்டியதாயிற்று.