ஜீரோ நகர்ந்த துப்பாக்கி

சென்ற அமர்வின் முடிவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு அன்று நேரம் இல்லாமல் போய்விட்டது. துப்பாக்கியின் வாயில் மஸில் பிரேக் பூட்டினால் குறி கூடுமா, குறையுமா? பிரேக் இல்லாத ஒரு துப்பாக்கியின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது. அதையே சொல்கிறேன்.

லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளின் எடை சுமார் 4.1 கிலோ. 1944ல் பிரிட்டன் அதன் குழலைக் குறைத்து, இரும்பை அங்கங்கே செதுக்கி எடுத்து, சுமார் 3.2 கிலோவுக்குக் கொண்டுவந்தது. பெயர் நம்பர் 5. ‘ஜங்கிள் கார்பைன்’ என்றால் பலருக்கும் தெரியும்.

குழல் குட்டையானால் உள்ளே எரிந்து முடியாத வாயு வெளியே வந்து பெரும் சுடராகப் பற்றிக்கொள்ளும். காட்டு இருட்டில் அது சுடுபவரின் கண்ணையே கூசவைக்கும். ஆகவே வாயில் புனல் போன்ற ஒரு சுடர் மறைப்பானைப் பொருத்தினார்கள். படத்தில் பார்ப்பவர்கள் அதை மஸில் பிரேக் என்று எண்ணிவிடுகிறார்கள். பிரேக் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பிவிடும். அந்த விசை துப்பாக்கியை முன்னே இழுப்பதால் தோளில் விழும் உதை குறையும். புனல் அதைச் செய்யாது. இத்தனைக்கும் அதே ராணுவத்தின் பாய்ஸ் டாங்கி எதிர்ப்பு ரைஃபிளில் பிரேக் இருந்தது. பிரேக்குக்கும் ஒரு விலை உண்டு: பக்கத்தில் படுத்திருப்பவரின் காதைக் கிழிக்கும் சத்தம், கிளம்பும் புழுதி.

நம்பர் 5க்கும் அதே பாயிண்ட் 303 தோட்டாதான். எடை குறைந்ததால் உதை ஏறத்தாழ கால் பங்கு கூடியது. அடிக்கட்டையில் வைத்த ரப்பர் பட்டையோ குறுகலானது. உதை முழுவதும் ஒரே இடத்தில் இறங்கியது. (அதை ‘மெத்தை’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.)

பிறகு புகார் வந்தது: ‘ஜீரோ நகர்கிறது.’ குறித்த தூரத்தில் குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி குறிமுனையைச் சரிசெய்து வைப்பதுதான் ஜீரோ. இன்று சரியாக வைத்தது நாளை விலகி நின்றது. சிலர் செதுக்கிய இரும்பைக் குற்றம் சொன்னார்கள், சிலர் புனலை. வடிவமைப்பிலேயே கோளாறு என்று முடிவுகட்டி, 1947ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். அதற்குள் சுமார் 2.5 லட்சம் துப்பாக்கிகள் செய்தாகிவிட்டன.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குண்டுகள் சிதறுவது வேறு, கூட்டமாக இடம் மாறுவது வேறு. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் உடம்பு சுருங்கினால் சிதறும். பிரேக் உதவுவது இங்கேதான். ஆனால் குண்டு குழலைக் கடக்கும் அந்த ஆயிரத்தில் ஒரு நொடியில் குழல் அதிர்ந்துகொண்டிருக்கும். வாயில் எதைப் பூட்டினாலும் அந்த அதிர்வு மாறி, குண்டுக் கூட்டம் இடம் பெயரும். பிரேக்கின் துளை மையம் விலகியிருந்தால், முந்திக்கொண்டு பாயும் வாயு குண்டின் வாலை ஒருபக்கமாகத் தள்ளிச் சிதறலையும் கூட்டிவிடும். துளை சரியாக இருந்து, இறுக்கமாகவும் பூட்டியிருந்தால், ஒருமுறை புதிதாக ஜீரோ செய்தால் போதும்.

நம்பர் 5ல் அது போதவில்லை. இன்று அதை வைத்திருப்பவர்களில் சிலர் அப்படிக் குறையே இல்லை என்கிறார்கள். இரும்பின் குறையும் தோளின் பயமும் ஒரே புகாராகக் கலந்துவிட்டன என்பது என் எண்ணம்.

உற்பத்தி நின்ற மறு ஆண்டு, 1948 ஜூனில், மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ரப்பர் தோட்டங்களில் ரோந்து சென்ற படையினர் பலரின் தோளில் தொங்கியது இதே துப்பாக்கி. அந்தத் தோட்டப்புறங்களில் விடியலில் பால்மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள்.